இளவீரரும் முன்னோரும்

பாரிஸ் மாநகரில் ரோலாண்ட் காரோஸ் என்னும் விளையாட்டரங்கு உள்ளது. அதன் செம்மண் களத்தில் 2025ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் பிரெஞ்சு டென்னிஸ் பந்தயத்தின் இறுதியாட்டம் நடைபெற்றது. ஒருபுறம் இத்தாலி நாட்டு யானிக் சின்னர். மறுபுறம் ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் அல்கராஸ். முன்னவருக்கு வயது 23, பின்னவருக்கு 22. முதல் இரண்டு செட்டுகளையும் சின்னர் வென்றார். மூன்றாவது அல்கராஸுக்குக் கிடைத்தது. நான்காம் செட்டில் ஐந்துக்கு மூன்று என்று சின்னர் முந்தி நின்றார். அடுத்த கேமில் சர்வீஸ் அல்கராஸுடையது. அதிலும் முதல் மூன்று புள்ளிகளை அவர் வரிசையாக இழந்தார். இன்னும் ஒரே ஒரு புள்ளி சின்னர் பக்கம் விழுந்தால் கோப்பை அவருடையது. அந்த ஒரு புள்ளி விழவே இல்லை. ஆட்டம் மேலும் நீண்டது. ஐந்தாம் செட்டின் டை-பிரேக்கில் பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் அல்கராஸ் வென்று முடித்தபோது, ஆட்டம் தொடங்கி 5 மணி 29 நிமிடம் ஆகியிருந்தது. அப்பந்தயத்தின் வரலாற்றில் அத்துணை நீண்ட இறுதியாட்டம் அதற்குமுன் நடந்ததில்லை.

வென்ற இளைஞர் செம்மண்ணில் மல்லாந்து விழுந்தார். அவர் எழுந்து உடலில் ஒட்டிய மண்ணைத் தட்டுமுன்பே கணக்கர்கள் தம் வேலையைத் தொடங்கிவிட்டனர். நான்கு பெரும் பந்தயங்களில் அவருக்கு இது ஐந்தாம் பட்டம். அன்று அவருடைய வயது 22 ஆண்டு, ஒரு மாதம், மூன்று நாள். அதே ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ரபேல் நடால் 2008ஆம் ஆண்டு விம்பிள்டனில் தம் ஐந்தாம் பட்டத்தைப் பெற்றபோது அவருக்கும் வயது 22 ஆண்டு, ஒரு மாதம், மூன்று நாள்! ஒரு நாள்கூட வேறுபாடு இல்லை. இச்செய்தி உலகெங்கும் பரவியது. இனி நடாலின் 22 பட்டங்களையும் இவர் கடப்பார் என்றனர் சிலர். ஜோகோவிச்சின் 24 பட்டங்களும் இவர் கைக்கு எட்டும் என்றனர் வேறு சிலர். இக்காலத்தவர் அனைவரும் பழைய வீரர்முன் நிற்கவும் தகார் என்று முதியோர் சிலர் முணுமுணுத்தனர். புதிய வீரர் ஒருவர் தோன்றும்போதெல்லாம் இவ்வழக்கு அரங்கேறுகிறது. தீர்ப்பு மட்டும் வருவதில்லை.

வழக்குத் தீராமைக்குக் காரணம் வழக்காடுவோரின் பிடிவாதம் மட்டுமன்று. அவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோலே பழுதுபட்டது. நெல்லை நாழியால் அளப்பர். துணியை முழத்தால் அளப்பர். முழக்கோலைக் கொண்டு நெற்குவியலை அளக்கப் புகுந்தால் எண் ஒன்று கிடைக்கத்தான் செய்யும்; ஆனால் அவ்வெண்ணுக்குப் பொருள் இராது. பெரும் பட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வெவ்வேறு காலத்து வீரர்களை நிறுத்துப் பார்ப்பதும் அத்தகையதே. அதனால் விளைவது வெறும் பிழையாக மட்டும் இருப்பின் அதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. அது சிலருக்குப் பெரும் அநீதியாகவும் முடிகிறது.

அவ்வநீதியை அறிந்துகொள்ள ஆஸ்திரேலிய வீரர் இருவரை நினைத்துப் பார்த்தல் போதும். ராய் எமர்சன் என்பார் 12 பெரும் பட்டங்களை வென்றவர். ராட் லேவர் வென்றவை 11. எண்ணே அளவுகோல் என்றால் எமர்சன் லேவரினும் ஒருபடி உயர்ந்தவர் ஆதல் வேண்டும். ஆயினும் இருவரும் ஆடியதைக் கண்டவர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியார். ஏன்?

அக்காலத்தில் டென்னிஸ் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. விம்பிள்டன் முதலிய நான்கு பெரும் பந்தயங்களிலும் அமெச்சூர்கள், அதாவது பணம் பெறாமல் ஆடுவோர் மட்டுமே ஆடலாம். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஊதியம் பெற்றவர்களுக்கு அக்கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. 1962ஆம் ஆண்டில் லேவர் நான்கு பெரும் பட்டங்களையும் ஒருசேர வென்றார். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் அவ்வரிய சாதனையை அதற்குமுன் ஆடவரில் செய்தவர் ஒருவரே. அவர் 1938இல் அதனை நிறைவேற்றிய அமெரிக்கரான டான் பட்ஜ். அவ்வாண்டின் நான்கு இறுதியாட்டங்களுள் மூன்றில் லேவரிடம் தோற்றவர் எமர்சனே. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லேவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அன்று முதல் 1968 வரை, 24ஆம் வயது தொடங்கி 29ஆம் வயது வரை, ஒரு வீரனின் உடலும் அறிவும் ஒருங்கே உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், நான்கு பந்தயங்களுள் ஒன்றிலேனும் அவர் கால் வைக்க இயலவில்லை. எமர்சனின் 12 பட்டங்களுள் 10 பட்டங்கள் 1963 முதல் 1967 வரையுள்ள அந்த ஐந்தாண்டுகளில் வந்தவை!

எமர்சனை இதனால் குறைத்துப் பேசுதல் தகாது. எதிரே நின்றவர்களையெல்லாம் அவர் வென்றார். நிற்காதவரை வெல்ல எவராலும் இயலாது. ஆனால் அப்பத்துப் பட்டங்களையும் லேவரின் கணக்கில் உள்ள வெற்றிடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்காமல், 12 என்றும் 11 என்றும் எண்ணி முடிப்பது எங்ஙனம் முறையாகும்? 1968இல் கதவு திறந்தது. அவ்வாண்டு விம்பிள்டனில் லேவர் வென்றார். அதற்கு அவர் பெற்ற பரிசு 2,000 பவுன். அடுத்த ஆண்டு, 31ஆம் வயதில், இரண்டாம் முறையாக நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். கிராண்ட் ஸ்லாமை இருமுறை நிறைவேற்றிய ஆடவர் வேறெவரும் அன்றுவரை இலர். அதன்பின் 2025 முடிய ஒருமுறை நிறைவேற்றிய ஆடவரும் இலர். எமர்சனோ, கதவு திறந்தபின் தனியாட்டத்தில் ஒரு பெரும் பட்டமும் பெறவில்லை.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கமும் உண்டு. 1963இல் தொழில்முறைக் குழுவில் புகுந்த லேவர், உலகமே புகழ்ந்த நான்கு பட்டங்களோடு சென்றார். அங்கே காத்திருந்தவர் கென் ரோஸ்வால் என்னும் சிறிய உருவினர். லூ ஹோட் என்னும் பெருவலியினரும் உடன் இருந்தார். தொடக்க வாரங்களில் அவ்விருவரிடமும் லேவர் பெரும்பாலும் தோற்றார். அப்படியானால் 1962இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் உண்மையில் யார்? விம்பிள்டனில் கோப்பையைப் பிடித்தவரா? ஊர் ஊராகச் சென்று ஆடிக்கொண்டிருந்தவரா? விடை எந்தப் பட்டியலிலும் இல்லை.

ரோஸ்வாலின் கதை இன்னும் உருக்கமானது. 1953இல், 18 வயதில், அவர் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்றார். இன்று அத்தகைய இளைஞர் தோன்றினால் ஏடுகள் எத்துணைப் புகழ்மாலை சூட்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 22 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். 11 ஆண்டுகள் பெரும் பந்தயங்களின் வாயிலுக்கு வெளியே நின்றார். மீண்டும் உள்ளே நுழைந்தபோது வயது 33. நுழைந்த முதல் பந்தயமாகிய 1968 பிரெஞ்சுப் பட்டத்தையே வென்றார். இறுதியில் தோற்றவர் லேவர். 1972இல், 37 வயதில், ஆஸ்திரேலியப் பட்டத்தைப் பெற்றார். 1974இல், 39 வயதில், விம்பிள்டன் இறுதிக்கும் அமெரிக்க இறுதிக்கும் வந்தார். இரண்டிலும் ஜிம்மி கானர்ஸ் என்னும் இளைஞரிடம் தோற்றார். விம்பிள்டன் பட்டம் அவர் கைக்கு எட்டவே இல்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 8 என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த எட்டுக்கு நடுவே அடைபட்ட கதவுகளின் முன் கழிந்த 11 ஆண்டுகள் இருப்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

அமெரிக்கரான பாஞ்சோ கன்சாலஸின் பெயருக்கு எதிரே வெறும் 2 என்றே இருக்கிறது. 1948இலும் 1949இலும் தம் நாட்டுப் பட்டத்தை வென்று, 21 வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர் அவர். பின்வந்த பத்தாண்டுகளில் அவ்வுலகின் தலைமகன் அவரே. ஆனால் அந்த உலகத்துக்கு விம்பிள்டனின் புல்தரை இல்லை. அரசகுடும்பத்தினர் அமரும் மாடம் இல்லை. ஓர் ஊரில் இரவு ஆடி முடித்துவிட்டு, அடுத்த ஊருக்குப் பயணம் புறப்பட வேண்டும். விளக்கொளியில், உள்ளரங்குகளில் விரித்த துணித் தளத்தின்மேல் ஆடவேண்டியிருந்த நாள்களும் பல. 1969இல் அவர் விம்பிள்டனில் ஆடியபோது வயது 41. முதற்சுற்றில் சார்லி பாசரெல் என்னும் 25 வயது வீரருடன் மோதினார். முதல் செட் 22-24 என்று போயிற்று. இரண்டாவது 1-6. இருள் சூழ்ந்தமையால் ஆட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் 16-14, 6-3, 11-9 என்று மூன்று செட்டுகளையும் கன்சாலஸ் வென்றார். தோல்வி ஒரே புள்ளித் தொலைவில் நின்ற கட்டங்கள் ஏழு; ஏழையும் கடந்தார். மொத்தம் 112 கேம்கள். அந்நாளில் டை-பிரேக் இல்லை. பெரும் பந்தயங்களுள் அமெரிக்கப் பந்தயமே அதனை முதலில் 1970இல் மேற்கொண்டது. பாரிஸில் அல்கராஸ் மூன்று புள்ளிகளைக் கடந்ததைப் போற்றுவோர் இந்த ஏழையும் அறிந்துகொள்வது நன்று. அங்ஙனம் அறிந்தால் அல்கராஸின் புகழ் குறையாது. கன்சாலஸின் 2 மட்டும் சற்றே கனம் பெறும்.

அன்றைய வேலியின் இருபுறமும் நேர்மையான மனிதர் இருந்தனர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றவர். தொழில்முறைக் குழுவில் சேருமாறு 1959இல் அவருக்கு அழைப்பு வந்தது. பெருந்தொகையும் தருவதாகக் கூறினர். அவர் மறுத்துவிட்டார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார். 1961இல் கால் இறுதியில் அவரிடம் நேர் செட்டுகளில் வீழ்ந்தவர் மேலே கூறிய எமர்சன். அரையிறுதியில் அவரை வென்றவர் லேவர். கிருஷ்ணனுக்குப் பெரும் பட்டம் ஒன்றும் இல்லை. எண்ணிக்கைப் பட்டியலில் அவர் பெயரே இடம்பெறாது.

இன்னும் பழங்காலத்துக்குச் சென்றால் எண்ணிக்கை நகைப்புக்கே இடமாகிறது. விம்பிள்டன் பந்தயம் 1877இல் தோன்றியது. வில்லியம் ரென்ஷா என்பார் 1881 முதல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 1889இல் ஏழாம் முறையும் வென்றார். ஆனால் முந்திய ஆண்டு வென்றவர் மறு ஆண்டு ஒரே ஆட்டம் ஆடினால் போதும் என்பது அன்றைய விதி. மற்றவரெல்லாம் ஒருவரையொருவர் வென்று களைத்து வரும்வரை அவர் காத்திருப்பார். அவ்விதி 1922இல்தான் நீங்கிற்று. இன்று பட்டம் பெற விரும்புவோர் ஏழு ஆட்டங்களை வென்றாதல் வேண்டும். ரென்ஷாவின் ஏழும் பிற்காலத்தவரின் ஏழும் எங்ஙனம் ஒரே ஏழு ஆகும்?

எண்ணிக்கையை விடுத்து, பழைய வீரரையும் புதிய வீரரையும் நேருக்கு நேர் நிறுத்தினால் வெல்பவர் யார் என்று கேட்போரும் உளர். கருவியை மறந்து கேட்கும் கேள்வி அது. லேவர் காலத்து மட்டை மரத்தால் ஆனது; பந்தை அடிக்கும் பரப்பு ஏறத்தாழ 65 சதுர அங்குலம். இன்றைய மட்டை கரியிழைகளால் ஆனது, எடை குறைவு, பரப்போ 100 சதுர அங்குலத்தை ஒட்டியது. மட்டையின் நரம்புகளும் மாறிவிட்டன. பிரேசில் நாட்டுக் குவெர்டன் 1997இல் பாலியெஸ்டர் நரம்புகளைக் கொண்டு பிரெஞ்சுப் பட்டம் வென்றபின் அவை எங்கும் பரவின. அந்நரம்புகள் பந்துக்குக் கடுஞ்சுழற்சி தருகின்றன. ஓங்கி அடித்த பந்தும் எல்லைக்கோட்டுக்குள் வளைந்து விழுகிறது. தரையும் மாறியது. 1974 வரை நான்கு பெரும் பந்தயங்களுள் மூன்று புல்தரையில் நடந்தன. 1988 முதல் விம்பிள்டன் ஒன்றே புல்தரைப் பந்தயமாக எஞ்சி நிற்கிறது. அப்புல்லும் 2001இல் வேறு வகையாக மாற்றப்பட்டது. பந்து முன்னினும் சீராக எழலாயிற்று. விம்பிள்டனில் கேம்களுக்கு இடையே அமர்ந்து இளைப்பாற நாற்காலி போட்டதுகூட 1975இல்தான்! அதற்குமுன் நான்கு மணி நேரம் ஆடினாலும் நின்றபடியே நீர் பருகிவிட்டு மறுபக்கம் செல்ல வேண்டியதே.

காலம் கருவியின் வாயிலாக எத்துணைக் கொடியது என்பதற்கு ஸ்வீடன் நாட்டுப் பியான் போர்க் சான்று. 26 வயதில் ஓய்வை அறிவித்த அவர், 1991இல் மான்டி கார்லோவில் மீண்டும் களம் இறங்கினார். கையில் பழைய மரமட்டை. எதிரே இருந்தவர் முன்னணி வீரர் அல்லர். ஆயினும் போர்க் எளிதில் தோற்றார். ஒருகாலத்தில் உலகை வென்ற அதே கையும் அதே மட்டையும்தாம். ஆனால் உலகம் வேறாகிவிட்டது.

போர்க்கின் பெயர் வந்தமையால் கணக்கர் மறந்த ஒன்றையும் இங்கே கூறலாம். அல்கராஸும் நடாலும் ஐந்தாம் பட்டத்தை ஒரே வயதில் பெற்றது வியப்பே. போர்க் ஐந்தாம் பட்டத்தைப் பெற்றது 1978இல், 22 வயது நிறைந்த அதே வாரத்தில். ஆக, மூவரும் அந்த இடத்தில் ஏறக்குறைய ஒரே படியில் நின்றவர்கள். பிறகு நடந்தது என்ன? போர்க் மேலும் ஆறு பட்டங்களை வென்றார். 25 வயதில் பெற்ற 1981 பிரெஞ்சுப் பட்டமே அவருக்கு இறுதிப் பட்டம். நடால் மேலும் 17 பட்டங்களை வென்றார். இறுதிப் பட்டம் 2022இல், 36 வயதில். ஒரே படியிலிருந்து இரண்டு பாதைகள்! இளமையில் ஏறிய உயரத்தைக் கொண்டு முதுமையின் உயரத்தை அறிய இயலும் என்பார் 1989ஐயும் நினைவில் கொள்ளட்டும். அவ்வாண்டு அமெரிக்கரான மைக்கேல் சாங் 17 வயதில் பிரெஞ்சுப் பட்டம் வென்றார். ஆடவரில் அத்துணை இளவயதில் பெரும் பட்டம் வென்றவர் அதற்குமுன் இலர். அதன்பின் அவருக்கு இன்னொரு பெரும் பட்டம் கிடைக்கவே இல்லை.

அப்படியானால் ஒப்பிடுதலே வீண் முயற்சியா என்றால், அன்று. ஒப்பிடும் பொருளை மாற்றிக்கொண்டால் ஒப்பீடு பயன் தரும். ஒரு வீரர் தம் காலத்தில் எவரை எதிர்த்து நின்றார், இக்கட்டான நாழிகையில் என்ன செய்தார், ஆட்டத்துக்குப் புதிதாக எதனைக் கொண்டுவந்தார் என்று கேட்கலாம். இக்கேள்விகளுக்கு மரமட்டையும் கரியிழை மட்டையும் ஒன்றே.

முதற் கேள்விக்கு டென்னிஸே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு தலைமுறையின் முதுமையும் அடுத்த தலைமுறையின் இளமையும் ஒரே வலையின் இருபுறமும் சில ஆண்டுகள் நிற்கின்றன. கன்சாலஸ் லேவரோடு ஆடினார். லேவர் போர்க்கோடு ஆடினார். போர்க்கை வென்ற மெக்கன்ரோ 1990இல் சாம்ப்ராஸ் என்னும் இளைஞரிடம் தோற்றார். 2001 விம்பிள்டனில் அந்தச் சாம்ப்ராஸை 19 வயதுப் பெடரர் வென்றார். பெடரரோடும் நடாலோடும் ஆண்டாண்டாகப் போராடியவர் ஜோகோவிச். அந்த ஜோகோவிச்சின் எதிரே 2023 விம்பிள்டன் இறுதியில் வந்து நின்றவர் அல்கராஸ்.

அன்று ஜோகோவிச் அவ்வரங்கில் நான்கு பட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்தவர். முதல் செட்டை 6-1 என்று எளிதில் எடுத்துக்கொண்டார். புல்தரையில் அதிகம் பழகாத 20 வயது இளைஞர் அத்துடன் அடங்கிவிடுவார் என்றே பலர் எண்ணினர். இரண்டாம் செட்டை டை-பிரேக்கில் அல்கராஸ் பறித்தார். ஐந்து செட்டுகள், 4 மணி 42 நிமிடம். இறுதியில் வென்றவர் இளைஞரே. ஜோகோவிச்சுக்கு அன்று 36 வயது என்று கூறி இவ்வெற்றியைத் தள்ளுவோர் உண்டு. அக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதே முதியவர் அவ்வாண்டு ஏனைய மூன்று பெரும் பட்டங்களையும் வென்றார். மறு ஆண்டு, 37 வயதில், பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் இதே அல்கராஸை இரண்டு செட்டுகளில் வென்று பொற்பதக்கம் பெற்றார். ஆகவே அவர் கிழச்சிங்கம் அல்லர். பல்லும் நகமும் உடைய சிங்கமே. அதனைச் சாய்த்தமை சிறு செயலன்று; ஒலிம்பிக்கில் அதனிடம் தோற்றமையும் மறைக்கத்தக்கதன்று.

இக்கட்டான நாழிகையைப் பற்றிய கேள்விக்கு ரோலாண்ட் காரோஸின் அந்த மூன்று புள்ளிகள் விடை கூறும். அதற்கு முன்பே ஒரு விடை உண்டு. 2022 அமெரிக்கப் பந்தயத்தின் கால் இறுதியில் அல்கராஸும் சின்னரும் மோதினர். ஆட்டம் 5 மணி 15 நிமிடம் நீடித்தது. முடிந்தபோது விடியற்காலை மூன்று மணியை நெருங்கியிருந்தது. அங்கும் தோல்வி ஒரு புள்ளித் தொலைவில் நின்றது. அங்கும் அல்கராஸ் மீண்டார். அப்பந்தயத்தை வென்றபோது வயது 19. 1973இல் தரவரிசை முறை தோன்றியபின் ஆடவரில் உலக முதலிடத்தை அத்துணை இளவயதில் அடைந்தவர் அவரே.

ஆட்டத்துக்கு அவர் கொண்டுவந்தது யாது என்பதில்தான் அவருடைய தனிச்சிறப்பு விளங்குகிறது. முர்சியா நகரை அடுத்த எல் பால்மர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையும் டென்னிஸ் பயிற்றுநரே. உலக முதலிடத்தில் இருந்த யுவான் கார்லோஸ் பெரேரோவிடம் இளமையிலிருந்து 2025 முடியப் பயின்றவர். செம்மண்ணில் வளர்ந்த ஸ்பெயின் வீரர் பின்கோட்டருகே நின்று பொறுமையாகப் பந்தைத் திருப்பி அனுப்புவர் என்பது ஊரறிந்த வழக்கம். அல்கராஸோ அவ்வழக்கத்துக்கு அடங்காதவர். எதிரியைப் பின்னுக்குத் தள்ளும் கடும் அடிக்காக மட்டையை ஓங்குவார், எதிரி பின்வாங்குவார், கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் தளர்த்தி, வலையைத் தாண்டியதும் பந்து செத்து விழும்படி மெல்லத் தட்டிவிடுவார். ஓங்கியபோது அவர் எதை அடிக்கப்போகிறார் என்பதை முகமும் சொல்லாது, தோளும் சொல்லாது. பின்கோட்டில் இருந்து வலிமையால் வெல்லும் காலத்தில், மறைந்துபோய்க்கொண்டிருந்த அந்த மெல்லடியை அவர் மீண்டும் நடுக்களத்துக்குக் கொண்டுவந்தார். பழைய புல்தரைக் காலத்து வீரர் இருந்து கண்டால் இதனைத் தம்முடையது என்றே அறிந்துகொள்வர்.

குறையும் உண்டு. முன்னணியில் இருக்கும்போதே அவருடைய கவனம் சிதறும் நேரங்கள் உள. எளிய புள்ளியை அழகாக வெல்ல முயன்று இழப்பார். அரைமணிப் பொழுது ஆட்டம் அவர் கையைவிட்டு நழுவும். பிறகு திடீரெனத் திரும்பும். அவர் அடைந்த நீண்ட வெற்றிகளுள் சில, அவரே நீட்டித்தவை. இவ்வகையில் சின்னர் அவருக்கு நேர் எதிரானவர். அடிக்கு அடி தடுமாறாதவர். பாரிஸில் மூன்று புள்ளிகளைத் தவறவிட்ட சின்னர், ஐந்தே வாரத்தில் விம்பிள்டன் இறுதியில் அல்கராஸை வென்றார். செப்டம்பரில் அமெரிக்க இறுதியில் அல்கராஸ் மீண்டும் வென்று ஆறாம் பட்டம் பெற்றார். ஓராண்டின் மூன்று பெரும் இறுதிகளில் இவ்விருவரே எதிர்நின்றனர். ரோஸ்வாலுக்கு லேவர் வாய்த்ததுபோலவும், போர்க்குக்கு மெக்கன்ரோ வாய்த்ததுபோலவும், பெடரருக்கு நடால் வாய்த்ததுபோலவும் அல்கராஸுக்குச் சின்னர் வாய்த்தார். எதிரே நிகரானவர் இல்லாதிருந்தால் பாரிஸின் அந்த ஐந்தரை மணி நேரமே இருந்திராது. எமர்சனுக்கு ஐந்தாண்டுகள் கிடைக்காமற்போனது இதுவே.

பாரிஸ் பந்தயம் தொடங்கிய 2025 மே 25ஆம் நாள், முந்திய ஆண்டு ஓய்வு பெற்ற நடாலுக்கு அங்கே பாராட்டு விழா நடந்தது. பெடரரும் ஜோகோவிச்சும் மர்ரேயும் களத்தில் இறங்கி அவரைத் தழுவிக்கொண்டனர். பார்வையாளர் வரிசையில் அல்கராஸும் அமர்ந்திருந்தார். அன்று நடுக்களத்தில், வலைக்கம்பத்தின் அருகே, நடாலின் காலடிச் சுவடு பதித்த தகடு ஒன்று திறக்கப்பட்டது. அதில் 14 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தது. அக்களத்தில் அவர் பெற்ற பட்டங்களின் எண் அது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 8ஆம் நாள் மாலை, அல்கராஸும் சின்னரும் பக்கம் மாறும்போதெல்லாம் அத்தகட்டைக் கடந்தே சென்றனர். ஆட்டம் முடிவதற்குள் அவர்களின் காலணிகள் கிளப்பிய செம்மண் அதன்மேலும் படிந்திருக்கும்.